கலயத்தில் உள்ளதும் கருத்தில் உள்ளதும்

அங்கத்தினர் கல்விப் பாடம்

பனையைப் பற்றி நம் மாவட்டத்தாருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி. தடவாது விட்டால் இறங்குவது கள். மரம் ஒன்றே, பாளை ஒன்றே, ஊறிய சாறும் ஒன்றே. சாறு விழுவதற்கு முன்பே கலயத்தில் என்ன இருந்தது என்பதுதான் பின்னால் வருவதைத் தீர்மானிக்கிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சாற்றின் இனிப்பைத் தின்று அதை ஆல்கஹாலாக மாற்றுகின்றன. சுண்ணாம்பு அவற்றின் வேலையைத் தடுத்து நிறுத்துகிறது. அக்கானி அடுப்பேறிக் கருப்பட்டியாகி, அரிசியாகவும் பிள்ளைகளின் புத்தகமாகவும் வீட்டுக்குத் திரும்புகிறது. கள் எங்கே போயிற்று, அதனோடு எவை போயின என்பதை நம் முதியோர் அறிவர்.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளும் பாடத்துக்கு இக்கலயமே தக்க உவமை. மது உடம்புக்குள் செல்வதற்கு நெடுநாள் முன்னரே அதைப் பற்றிய எண்ணங்கள் மனத்துக்குள் சென்று தங்கிவிடுகின்றன. ‘குடித்தால் வலி போகும்’, ‘குடித்தால் துணிவு வரும்’, ‘குடித்தவன் செய்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாகாது’ என்பன போன்றவை அவ்வெண்ணங்கள். ஒருவன் எவ்வளவு குடிக்கிறான், குடித்தபின் எவ்வாறு நடக்கிறான் என்பவற்றை இவை எந்த அளவுக்கு ஆள்கின்றன என்று அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றையும், நம் ஊரில் நாம் அன்றாடம் காண்பவற்றையும் சேர்த்து வைத்து ஆராய்வோம்.

குடிப்பது தீது என்று உபதேசம் செய்வது இப்பாடத்தின் நோக்கமன்று. உபதேசம் கேட்டுக் கேட்டு நம் செவிகள் பழகிவிட்டன. நம் அங்கத்தினர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். நூல் வாங்கும்போது அதன் நம்பரைப் பார்க்கிறோம். விதை வாங்கும்போது அதன் முளைப்பைப் பார்க்கிறோம். தலைமுறை தலைமுறையாக விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கும் சில நம்பிக்கைகளையும் அவ்வாறே ஒருமுறை சோதித்துப் பார்த்தல் நன்று.

மது தானாகச் செய்வது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மதுவின் விளைவு முழுவதும் மனத்தின் கற்பனை என்று நாம் சொல்லவில்லை. அது உண்மையான மருந்துப் பொருள். உண்மையான நஞ்சும் ஆகும். வயிற்றிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. நடையும் கையும் தடுமாறுகின்றன, எதிர்வினை தாமதமாகிறது, நினைவு மங்குகிறது, ஆராய்ந்து முடிவு செய்யும் ஆற்றல் குறைகிறது. 1988-ஆம் ஆண்டிலேயே உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. தீங்கு இல்லாத அளவு என்று மதுவுக்கு எந்த அளவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ‘குவார்ட்டர்’ என்று வழங்கும் 180 மில்லி புட்டியில், நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் உள்ள மது இருப்பதாகக் கொள்வோம். அதில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கும். நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் எரித்துத் தீர்ப்பது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் மட்டுமே. மோர் குடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும், கடுங்காப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ஆகவே அந்த ஒரு புட்டி தீர்வதற்கு ஆறு மணி நேரம் முதல் எட்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இரவு பத்து மணிக்கு மேல் குடித்தவர் விடியுமுன் கத்தியும் விளக்குமாக ரப்பர் பால் வெட்டச் செல்லும்போது, ‘போதை தெளிந்துவிட்டது’ என்று அவர் நினைத்தாலும், இரத்தத்தில் அது இன்னும் இருக்கக்கூடும். போதை தெளிந்தது என்பதே முதல் தவறான நம்பிக்கை.

எண்ணம் செய்வது

நிற்க. அமெரிக்க உளநூல் அறிஞர் ஆலன் மார்லட்டும் அவருடைய தோழர்களும் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடிக்கு அடிமையானோர் 32 பேர், அளவாகக் குடிப்போர் 32 பேர் ஆக 64 பேர் அதில் பங்கு கொண்டனர். பானங்களின் சுவையை ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என்று கூறி அவர்களுக்கு முன் கோப்பைகளை வைத்தனர். சிலருக்கு வோட்கா கலந்த பானம். சிலருக்கு மது சிறிதும் இல்லாத வெறும் பானம். சுவையால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாதவாறு கலவை அமைந்திருந்தது. இதில் ஒரு நுட்பம் இருந்தது. மது கொடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேரிடம் ‘இது மது’ என்றும், மறுபாதிப் பேரிடம் ‘இதில் மது இல்லை’ என்றும் சொன்னார்கள். வெறும் பானம் பெற்றவர்களையும் அவ்வாறே இரண்டாகப் பிரித்தார்கள்.

யார் மிகுதியாகக் குடித்தனர்? மதுவைக் குடித்தவர்களல்லர், மது என்று நம்பிக் குடித்தவர்களே. கோப்பையில் மது இருந்ததா இல்லையா என்பது குடித்த அளவை மாற்றவில்லை; இருக்கிறது என்ற எண்ணமே மாற்றியது. இதில் வியப்பு என்னவெனில், குடிக்கு அடிமையானோரிடமும் இதே விளைவு காணப்பட்டதாகும். ‘ஒரு வாய் உள்ளே போனால் போதும், பிறகு உடம்பே கேட்கும், நிறுத்த முடியாது’ என்பது பலர் கூறும் சொல். ஆனால் தெரியாமல் உள்ளே போன மது அவர்களை அவ்வாறு இழுக்கவில்லை.

1975-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் மார்லட்டும் பிறரும் சினத்தை எடுத்துக்கொண்டனர். 96 ஆண்கள் அதில் பங்கு பெற்றனர். முன்போலவே மது கொடுத்தும் கொடுக்காமலும், சொல்லியும் சொல்லாமலும் நான்கு பிரிவாக்கினர். பின்னர், எதிரே இருப்பவருக்கு மின்னதிர்ச்சி தரும் பொத்தானை அழுத்தும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்பட்டது. மது குடித்திருக்கிறோம் என்று நம்பியவர்களே கடுமையான அதிர்ச்சியைத் தந்தனர். வெறும் பானம் குடித்துவிட்டு மது என்று நம்பியவர்களும் அவ்வாறே செய்தனர். ஆனால் அதே ஆய்வில் கையின் வேகத்தை அளந்தபோது, உண்மையில் மது குடித்தவர்களின் கை மட்டுமே தாமதித்தது. கையைத் தாமதப்படுத்தியது மது. அவ்வாய்வில் சினத்தைக் கிளப்பியது நம்பிக்கை.

இதை மிகைப்படுத்தலாகாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1990-இல் வெளியான ஆராய்ச்சி, மதுவும் தன் பங்குக்குச் சண்டைக் குணத்தை வளர்க்கிறது என்று காட்டியது. ஆகவே முழுப்பழியும் மதுவுடையதன்று, முழுப்பழியும் எண்ணத்துடையதுமன்று. பாவும் ஊடையும் சேர்ந்தே துணி ஆகிறது. மது அறிவின் பிடியைத் தளர்த்துகிறது; தளர்ந்த மனம் எந்தத் திசையில் ஓடும் என்பதை முன்பே கற்ற எண்ணம் காட்டிக்கொடுக்கிறது.

நாட்டுக்கு நாடு வேறுபடும் குடிகாரன்

மதுவே மனிதனின் நடத்தையை முழுவதும் ஆள்வதாயின், உலகெங்கும் குடித்தவர் ஒரே வகையாக நடத்தல் வேண்டும். அவ்வாறு இல்லை. தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழும் காம்பா மக்களைப் பற்றி டுவைட் ஹீத் என்னும் அறிஞர் 1958-இல் எழுதினார். அவர்கள் விழாக்காலங்களில் குடித்த சாராயம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நெருங்கும் ஆல்கஹால் கொண்டது. மயங்கி விழும் அளவுக்கு அதைக் குடித்தனர். ஆயினும் குடிப்பந்தியில் அடிதடியோ வசைமொழியோ எழுவதில்லை என்று அவர் கண்டார். குடித்தவன் சண்டையிடுவான் என்ற எண்ணம் அம்மக்களிடையே இல்லை. ஆதலின் குடித்தவன் சண்டையிடவில்லை.

இத்தகைய செய்திகளைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டி, மெக்காண்ட்ரூ, எட்கர்ட்டன் என்னும் இருவர் 1969-இல் ஒரு நூல் எழுதினர். குடித்தபின் எவ்வாறு நடக்கலாம் என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அந்த எல்லைக்குள்ளேயே குடித்தவன் நடக்கிறான் என்பது அவர்கள் முடிவு. பள்ளியில் இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் கூச்சலிடலாம் என்று விட்டுவைப்பது போல, சில சமூகங்கள் குடித்தவனுக்கு ஒழுங்கிலிருந்து சிறிது நேரம் விடுமுறை அளித்துவிடுகின்றன. சமூகம் விடுமுறை கொடுப்பதால்தான் அவன் அதை எடுத்துக்கொள்கிறான்.

நம் ஊர்ச் சான்று

பொலிவியா வரைக்கும் போக வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் நாம் கலந்துகொண்டோம். சேமிப்பைப் பற்றிப் பேச்சு நடந்தது. பேச்சு குடியின் பக்கம் திரும்பியது. அப்போது பின்வரிசையில் இருந்த ஓர் அங்கத்தினர் எழுந்து, “நெனவில்லாம அடிச்சுப்போட்டேன்னு மறுநாளு சொல்லுதாரு. நெனவில்லேன்னா, பிள்ளையள ஒதுக்கி நிறுத்திட்டு என்னை மட்டும் எப்பிடி அடிக்க முடியும்?” என்று கேட்டார். கூட்டத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அங்கிருந்த பெண்கள் பலருக்கும் அது புதிய கேள்வியாக இல்லை. வாய்விட்டுக் கேட்கப்படாத பழைய கேள்வியாகவே இருந்தது.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நம் தெருவைப் பாருங்கள். தடுமாறி நடப்பவர் கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்குகிறார். அண்டை வீட்டாரை வைபவர் காவல்துறை ஆய்வாளரைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து இறக்குகிறார். மனைவியின் பானையை உடைப்பவர் தம் தறியின் பாவில் கை வைப்பது அரிது. அறுந்தால் மீண்டும் இழைக்கும் வேலை தமக்கே என்பது போதையிலும் அவருக்குத் தெரிகிறது. கடன் தந்தவரை வைவதில்லை; கடன் கேட்க வந்தவரை வைகிறார். அறிவு முழுவதும் அழிந்துவிட்டதாயின் இத்தனை நுட்பமான தேர்வு எவ்வாறு நிகழும்?

‘குடி பேசுகிறது, அவன் பேசவில்லை’ என்று நாம் சொல்லும்போது ஓர் அனுமதிச் சீட்டில் கையெழுத்திடுகிறோம். மறுநாள் மன்னிப்புக் கிடைக்கும் என்ற உறுதி முதல்நாளே அவருக்கு உண்டு. சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவு, தனக்குத் தெரியாமலோ தன் விருப்பத்துக்கு மாறாகவோ போதையூட்டப்பட்டு, தான் செய்வது இன்னதென்று அறிய இயலாத நிலையில் இருந்தவனுக்கே விலக்கு அளிக்கிறது. தானே விரும்பிக் குடித்தவனுக்கு அவ்விலக்கு இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 85-ஆம் பிரிவும் இதையே கூறியது. நீதிமன்றம் ஏற்காத சாக்கை நம் ஊர்த் திண்ணை ஏற்றுக்கொள்வது முறையா என்று சிந்திக்க வேண்டும்.

சோதிக்க வேண்டிய ஆறு நம்பிக்கைகள்

ஒன்று, உடல் வலிக்கு மது மருந்து என்பது. குழித்தறியில் நாள் முழுவதும் இருந்து எழுபவரின் இடுப்பு வலியும், வயலில் குனிந்து எழுபவரின் முதுகு வலியும் பொய்யல்ல. மது வலியை உணரும் உணர்ச்சியைச் சிறிது நேரம் மழுக்குகிறது. வலியின் காரணத்தைத் தொடுவதில்லை. உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடுவதால் மறுநாள் தலைவலியும் சோர்வும் கூடுகின்றன. அந்தச் சோர்வுக்கு மருந்தாக மறுநாள் மாலையிலும் மது தேடப்படுகிறது.

இரண்டு, குளிருக்கு அது சூடு தரும் என்பது. ஆனி, ஆடி மாதச் சாரலிலும் மலைத்தோட்டங்களிலும் வேலை செய்வோர் இதை உறுதியாக நம்புகின்றனர். மது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடான இரத்தம் தோலுக்கு வருவதால் சூடு தெரிகிறது. ஆனால் அச்சூடு உடம்பை விட்டு வெளியேறும் சூடாகும். உள்ளுடம்பு முன்னிலும் குளிர்ந்துவிடுகிறது. கதவைத் திறந்து வைத்து அடுப்பின் சூட்டைத் தெருவுக்கு அனுப்புவது போன்றது இது.

மூன்று, நல்ல உறக்கம் வரும் என்பது. கண் விரைவில் மூடுவது உண்மை. ஆனால் இரவின் பிற்பாதியில் உறக்கம் துண்டு துண்டாகிறது. எழும்போது இளைப்பாறிய உடம்பு இருப்பதில்லை.

நான்கு, துணிவும் ஆண்மையும் வரும் என்பது. துணிவு என்பது ஆபத்தை அறிந்தும் செயலில் இறங்குவது. மது ஆபத்தை அறியும் அறிவையே மங்கச் செய்கிறது. முப்பது அடி உயரமுள்ள மரத்தில் ஏறுபவருக்கும், நாற்கரச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கும் தேவை முன்னதே. ‘காரம் கூடினால்தான் சரக்கு’ என்ற எண்ணமும் இவ்வகையைச் சேர்ந்தது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனாலைச் சுவையால் கண்டறிய இயலாது. காரம் தூய்மைக்குச் சான்றாகாது.

ஐந்து, மது இல்லாமல் உறவும் கொண்டாட்டமும் இல்லை என்பது. கன்னிப்பூ அறுப்பு முடிந்தாலும், கும்பப்பூ அறுப்பு முடிந்தாலும், வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாலும், கல்யாணத்துக்கு முந்தின இரவானாலும் ஒருவர் புட்டியை எடுக்கிறார். அங்கே மகிழ்ச்சியைத் தருவது என்ன? வேலை முடிந்த நிறைவும், கூடியிருக்கும் உறவும், உண்ணும் சோறும் மகிழ்ச்சியைத் தருகின்றன. பெருமை மட்டும் புட்டிக்குப் போகிறது. அதே பந்தியில் குடியாதவரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

ஆறு, ‘எல்லாரும்தான் குடிக்கிறார்கள்’ என்பது. இதுவே அனைத்திலும் வலிய நம்பிக்கை. இதுவே அனைத்திலும் பெரிய பொய். மத்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளோரில் மது குடிப்போர் நூற்றுக்கு 14.6 பேர். ஆண்களை மட்டும் கணக்கிட்டால் 27.3 பேர், பெண்களில் 1.6 பேர். அதாவது நாட்டின் ஆண்களில் நூற்றுக்கு 72 பேருக்கு மேல் குடிப்பதில்லை. குடியாதவன் சாலையில் கூச்சலிடுவதில்லை. ஆதலின் அவனை எவரும் எண்ணுவதில்லை. கூச்சலிடும் ஒருவனை ஊர் முழுவதும் காண்கிறது.

இதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரிடையே பிரெண்டிஸ், மில்லர் என்னும் இருவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் ஒவ்வொருவரும் ‘குடிப்பழக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்றே எண்ணியிருந்தனர். மற்றவரும் அவ்வாறே எண்ணினர். ஒருவருக்கொருவர் அஞ்சி, ஒருவருக்கும் முழு விருப்பமில்லாத வழக்கத்தை அனைவரும் காத்து வந்தனர். நம் கல்யாண வீடுகளின் பின்கட்டிலும் இவ்வாறு நடக்கவில்லை என்று நாம் உறுதி கூற இயலுமா?

எண்ணங்கள் எப்போது விதைக்கப்படுகின்றன

குடிக்கத் தொடங்கும் வயதில் இவ்வெண்ணங்கள் வருவதாகப் பலர் கருதுகின்றனர். அது தவறு. முதல் துளியைச் சுவைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சிறுவர் மனத்தில் மதுவைப் பற்றிய எதிர்பார்ப்புகள் அமைந்துவிடுகின்றன என்றும், அவை எத்தகையவையோ அதற்கேற்பப் பின்னாளில் குடிப்பழக்கம் அமைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ‘அப்பா குடிச்சிருக்காரு, பேசாதே’ என்று தாய் சொல்லும்போது, குடித்தவருக்கு வீடு அஞ்ச வேண்டும் என்று மகன் கற்கிறான். ‘மாமா குடிச்சா நல்லாப் பாடுவாரு’ என்று சிரிக்கும்போது, குடி திறமையைத் திறக்கும் சாவி என்று கற்கிறான். வெள்ளித்திரையில் துன்பம் வந்தவுடன் கதாநாயகன் புட்டியை எடுக்கும்போது, துயருக்கு அதுவே துணை என்று கற்கிறான்.

திரையே எதிர்த்திசையிலும் வேலை செய்தது உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், அண்ணாதுரை எழுத்தில் 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் மதுவிலக்குப் பிரசாரத்தைச் சிரிப்பின் வழியே மக்களிடம் கொண்டுசென்றார். எண்ணத்தை எண்ணத்தால்தான் மாற்ற இயலும் என்பதை அந்த நாஞ்சில் நாட்டுக் கலைஞர் அறிந்திருந்தார்.

சட்டமும் எண்ணமும்

இந்நாட்டில் மதுவிலக்கின் வரலாறு நெடியது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கினார். கள், சாராயக் கடைகளால் வந்த வருமானம் போனதால் 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1948-இல் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் கடைகள் மீண்டும் திறந்தன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் ஏற்பட்டது. 1987-இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003-இல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அக்கழகத்தின் கைக்கு வந்தது. இன்று களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் கள் இறக்குவது உரிமம் பெற்ற தொழில், இப்பால் குற்றம். எல்லைக்கல்லின் இருபுறமும் பாளையில் ஊறும் சாறு ஒன்றுதான்.

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31-ஆம் நாள் நம் மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் உயிர் துறந்தார். அங்கிருந்த மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மேல் ஏறி நின்று போராடியபோது அம்முடிவு நேர்ந்தது. மதுவிலக்கு முதலில் பிறந்த மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் நம் மண்ணில் அதற்காக மாண்டார். கடை எங்கே இருக்கலாம், இருக்கலாமா கூடாதா என்பவை அரசும் மக்களும் தீர்மானிக்க வேண்டியவை. கடை அண்மையில் இருப்பது குடியை வளர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடை திறந்த காலத்திலும் மூடிய காலத்திலும் நம் மனத்தில் இருந்த நம்பிக்கைகள் மாறாமலே இருந்தன. கடையின் கதவு நம் கையில் இல்லை. மனத்தின் கதவு நம் கையில் உள்ளது.

சங்கம் செய்யத்தக்கவை

கூட்டுறவாளருக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. தனியொருவன் ‘நான் குடிப்பதில்லை’ என்று சொன்னால் கேலிக்கு ஆளாகிறான். நூறு பேர் சேர்ந்து சொன்னால் அது வழக்கமாகிவிடுகிறது. வழக்கத்தை உண்டாக்குவதே சங்கத்தின் வேலை.

முதலாவது, பணம். ஓணம், தீபாவளிக்கு முன் வரும் கூலியும் போனஸும் கையில் ரொக்கமாகப் போகாமல் கணக்கில் சேர வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கணக்கு இருத்தல் மேலும் நன்று. வாரத்தில் இரண்டு நாள், நாளொன்றுக்கு 200 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 20,800 ரூபாய் ஆகிறது. ‘கொஞ்சமாகத்தான்’ என்னும் நம்பிக்கையைக் கணக்குப் புத்தகத்தின் முன் நிறுத்திப் பார்க்கலாம்.

இரண்டாவது, விருந்து. பேரவைக் கூட்டத்துக்குப் பின்னும் அறுப்பு முடிந்த நாளிலும் சங்கமே காப்பியும் சோறும் அளித்து ஒரு வில்லுப்பாட்டு நடத்தினால், மகிழ்ச்சிக்கு மது வேண்டியதில்லை என்பது பேச்சாக அன்றி அனுபவமாகவே விளங்கும்.

மூன்றாவது, சாக்கு. சங்கத்தில் தகராறு செய்தவர் ‘குடித்திருந்தேன்’ என்று சொல்வதை நிர்வாகக் குழு மன்னிப்புக்குக் காரணமாக எழுதலாகாது. வீட்டில் அடிபட்டவர் முறையிட்டால், அதையும் குடியின் கணக்கில் எழுதித் தள்ளிவிடலாகாது.

நான்காவது, நோயாளி. எண்ணத்தின் வலிமையை இவ்வளவு கூறியதால், அடிமையாகிவிட்டவர் மனம் வைத்தால் நாளைக்கே விட்டுவிடலாம் என்று எவரும் கொள்ளற்க. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையவரை மருத்துவரிடம் சேர்த்தே நிறுத்தச் செய்ய வேண்டும். ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். போதை மீட்புக்கான 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும், மனநல உதவிக்கான 14416 என்னும் எண்ணும் உள்ளன. மீண்டு வந்தவரை ‘பழைய குடிகாரன்’ என்று அழைப்பதும் ஒரு நம்பிக்கையை அவர் மேல் ஏற்றுவதாகும். ‘இவர் விட்டவர், தறிக்குத் திரும்பியவர்’ என்று ஊர் எதிர்பார்த்தால், அந்த எதிர்பார்ப்பும் அவருக்குக் கைகொடுக்கும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. உங்கள் தெருவில் உள்ள வீடுகளில் குடிக்கும் ஆண்கள் எத்தனை பேர், குடியாதவர் எத்தனை பேர்? முதலில் ஊகித்து எழுதுங்கள். பின்னர் பெயர் குறிக்காமல் எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு எவ்வளவு?

2. குடித்தவர் சினம் கொள்வது யாரிடம், அடங்குவது யாரிடம்? இதிலிருந்து நாம் அறிவது யாது?

3. மேலே கண்ட ஆறு நம்பிக்கைகளில் எவற்றை நம் பிள்ளைகள் நம் வாயிலிருந்தே கற்றனர்?

4. அடுத்த கல்யாணத்தில் புட்டி எடுக்காமல் விருந்து நடத்தச் சங்கம் எவ்வாறு உதவலாம்?

இவ்வினாக்களை ஆண்கள் மட்டும் கூடிய கூட்டத்தில் பேசுவதில் பயனில்லை. பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்ட அந்த அங்கத்தினரைப் போன்றோர் முன்வரிசையில் அமர வேண்டும். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது பனையேறியின் கையில் ஒரு கணத்து வேலை. ஆனால் பாளையைச் சீவும் ஒவ்வொரு வேளையும் அவர் அதை மறவாமல் செய்கிறார். ஒருநாள் தடவி மறுநாள் விட்டால் அக்கானி கிடைக்காது. நம் வீட்டுப் பிள்ளைகளின் மனக் கலயத்துக்கும் அவ்வாறே நாள்தோறும் கவனம் வேண்டும். அக்கவனத்தை நம் சங்கங்கள் இவ்வாண்டே தொடங்குமாக.